அடிக்கட்டைச் சரிவு

ஒரே ஒரு மலையாம். அந்த மலை நிறைய மரமாம். அத்தனை மரத்திலும் ஒரு மரம் மட்டும் அந்த மலைக்குப் பிறக்காத மரமாம்.

'ம்' கொட்டுங்கள் அண்ணா. எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, கதை சொன்னால் எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டியே ஆகவேண்டும். கொட்டாவிட்டால் கதைக்குள் நடந்து போகிறவர்கள் அந்தந்த இடத்திலேயே நின்றுவிடுவார்களாம், மேற்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்களாம். சின்ன வயதில் அதைக் கேட்டுப் பயந்துபோய்த் தூக்கத்தில்கூட 'ம்' கொட்டியிருக்கிறேன்.

நீங்கள் பலகை கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். இல்லை என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம். ஆனால் நீங்கள் சும்மா பலகை கேட்கவில்லை. "பின்னாடி ஒரு அம்மா சிரிக்கிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அந்தப் பலகை" என்று கேட்டீர்கள். அந்த அம்மா யார் என்றும் கேட்டீர்கள். கேட்டவருக்குச் சொல்லாமல் எப்படி அனுப்புவது? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நான் கேட் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினால் தப்பாக நினைக்க வேண்டாம். இன்றைக்குத் திங்கள்கிழமை.

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். என் குரல் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் டீச்சர்' சொன்னது காதில் விழாமல் எத்தனையோ நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். நான் யாரிடமும் சத்தம் போட்டவள் இல்லை. இந்தக் கலாமணியைப் பற்றி வெளியே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சத்தம் போட்டாள் என்று மட்டும் ஒருத்தர் சொல்ல முடியாது.

அந்த மரத்துக்குப் பேர் மஞ்சள் கொன்றை. நம்ம சரக்கொன்றை இல்லை. இது கடல் தாண்டி வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அழகுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பூத்தால் மலையே மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அதன் அடியில் புல் முளைக்காது. மான் அதைக் கடிக்காது. ஒரு மரம் நின்றால் நாலு மழையில் ஒரு சரிவையே பிடித்துவிடும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. நஞ்சுண்டன் என்று பேர். இதோ, இந்தச் சரிவு ஏறி மேட்டைத் தாண்டினால் நெல்லியட்டி. அதுதான் அவர் ஊர். கூரையெல்லாம் சேர்த்தே ஒரு பார்வையில் எண்ணிவிடலாம், அவ்வளவு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மலையில் உரிமை கிடைத்ததும், அந்த மரத்தை எடுத்துவிட்டுப் பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவருகிற வேலையை ஒரு குழுவாகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அவர்தான் முன்னால் நின்றார்.

அவர் அந்த மரத்தை வெட்ட மாட்டார். அதுதான் வேடிக்கை. ஓர் ஆள் இடுப்பு உயரத்திலிருந்து தரை வரைக்கும் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டுப் போய்விடுவார். மரம் நின்றபடியே மெல்ல மெல்லக் காயும். வேரும் சேர்ந்து சாகும். அதன் பிறகுதான் சாய்ப்பார். கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குவார். அந்த இடத்தில் நெல்லி, வேங்கை, தடசு என்று நடுவார். புல் விதை தூவுவார். "உசுரோட வெட்டுனா அடிக்கட்டைக்கு ஆங்காரம் வந்துரும், மணி. ஒண்ணுக்குப் பத்தாத் துளுக்கும். உள்ள பூனைகூடப் புக முடியாது" என்பார்.

நான் சத்தியமங்கலத்துக்காரி. எங்கள் அப்பா பிளைவுட் கடை வைத்திருந்தார். பலகை வாசத்திலேயே வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்து பார்த்தால், மலை நெடுகச் செத்த மரம் சாய்ந்து கிடக்கிறது, கரையான் தின்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. "இதைச் சீவலாக்கிப் பசை போட்டு அழுத்துனா பலகைங்க" என்றேன். பெரும்பாவூரில் மூடின ஒரு மில்லிலிருந்து பழைய பிரஸ் ஒன்றை வாங்கி வந்து, இந்த ஷெட்டைப் போட்டோம்.

முதல் பலகை வெளியே வந்த அன்றைக்கு எங்கள் அத்தை, அதாவது அவர் அம்மா, கெம்பம்மா, அதை விரலால் அழுத்திப் பார்த்தார்கள். விரல் உள்ளே போயிற்று. "களி நல்லாத்தான் கிண்டியிருக்கிறே கண்ணு. தொட்டுக்க என்ன?" என்றார்கள். வேலைக்கு நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை சொன்னால் எனக்குக் கோபமே வராது.

அந்த அத்தைதான் ஸ்டிக்கரில் இருப்பது.

அவர்கள் மேலே ஊரில்தான் இருந்தார்கள். கீழே வந்து எங்களோடு இருங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். ஆனால் திங்கள்கிழமை தவறாமல் ஒரு துணிப்பையில் ராகி மாவு எடுத்துக்கொண்டு இந்தச் சரிவு வழியாக இறங்கி வருவார்கள். கடை மாவு உடம்பில் ஒட்டாதாம். வந்ததும் பையை அந்தக் கேட்டில் மாட்டிவிட்டு, "மணியோவ், மகாராணி வந்தாச்சு" என்று ஒரு குரல். பிரஸ் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி அது கேட்கும். எனக்கு இல்லாத குரலையும் சேர்த்து ஆண்டவன் அவர்களுக்குக் கொடுத்திருந்தான்.

'ம்' நின்றுபோயிற்று பாருங்கள். கொட்டுங்கள். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பலகை ஒரு வழியாகக் கெட்டிப்பட்டது. யார் வாங்குவது? அதுதான் பெரிய பாடு. நானே சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு கோபி, ஈரோடு, பவானி என்று கடை கடையாக ஏறினேன். கோபியில் ஓர் ஆசாரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, இது பலகையா அப்பளமா?" என்றார். இன்னொருத்தர், "மஞ்சக் கொன்னையா? வீட்டுக்குள்ள வெச்சா மழைக்குத் துளுத்துராதா? அலமாரியத் தொறந்தா பூப் பறிக்கலாமா?" என்றார். எல்லாருக்கும் வெளியூர்ப் பலகைதான் பலகை. லாரியில் நாலு மாநிலம் தாண்டி வந்தால்தான் அதற்கு மரியாதை. நம்ம மலையிலிருந்து வந்தது என்றால் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பலகையைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை, சரி. காட்டைச் சொல்லிப் பார்ப்போம். அவர் ஒரு வேங்கைக் கன்றைக் கையில் வைத்திருக்க, பின்னால் அத்தை ராகிப் பையோடு வாய் நிறையச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தது. அதை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒட்டினேன். 'காட்டைத் திரும்பக் கொண்டுவந்த பலகை' என்று கீழே ஒரு வரி. படம் சின்னதாக்கினதில் அவர் முகம் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிற்று. அத்தை மட்டும் முழுசாக வந்தார்கள்.

கோபியில் ஒரு பள்ளிக்கூடம் லைப்ரரிக்கு அதில் அலமாரி செய்தது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டுக்கு, ஒரு பேக்கரிக்கு, ஒரு டாக்டர் வீட்டுக்கு என்று ஆரம்பித்தது, அப்புறம் நிற்கவே இல்லை. என் பலகையை அப்பளம் என்ற அதே ஆசாரி போன் பண்ணி, "அம்மிணி, அந்தச் சிரிக்கிற அம்மா பலகை ஒரு லோடு வேணும். பார்ட்டி அதுதான் வேணுங்குது" என்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்களும் கான்ட்ராக்டர்தானே அண்ணா, தெரியுமே உங்களுக்கு. கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்.

அந்த மாசியில் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்கு ஆர்டர் வந்தது. மேடை, கதவு, சுவர் மறைப்பு எல்லாம் நம்ம பலகை. அதில் ஒரு சிக்கல். நின்றபடியே செத்த மரம் இருக்கிறதே, அது காய்ந்து வெடித்திருக்கும். சீவினால் பாதி மாவாகப் போகும். அந்தப் பலகையில் ஸ்க்ரூ முறுக்கினால் ஓரம் உதிரும். பச்சை மரம் என்றால் சீவல் நீளமாக வரும், பலகை இரும்பு மாதிரி நிற்கும். அவர்கள் அந்தத் தரம்தான் கேட்டார்கள்.

பச்சை மரம் எங்கே இருக்கிறது? இதோ, எதிரில். இந்தச் சரிவின் மேல் பாதியை அவர் முடித்திருந்தார். அங்கே புல் வந்துவிட்டது. கீழ்ப் பாதியில் மட்டும் நல்ல பெரிய மரங்களாக உயிரோடு நின்றன. அடுத்த வருஷம் பட்டை உரிக்கலாம் என்று விட்டு வைத்திருந்தார். அவர் அந்தச் சமயத்தில் எல்லைப் பக்கம் வேறொரு மலையில் குழு வேலைக்குப் போயிருந்தார். வர இரண்டு மாதம் ஆகும்.

எப்படியும் எடுக்கப்போகிற மரம்தானே? ஒரு வருஷம் முன்னால் எடுத்தால் என்ன? நான் கேட்பது நியாயம்தானே அண்ணா?

மாதண்ணன்தான் வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் தலையைச் சொறிந்தார். "நஞ்சுண்டன் வரட்டுமே அம்மிணி. அவன் உசுரோட வெட்டுனா வைவான்" என்றார். நான் சத்தம் போடவில்லை. "அவர்கிட்ட நான் சொல்லிக்கறேங்கண்ணா" என்றேன். "எந்த ஒசரத்துல வெட்டட்டும்?" என்றார். "குனியாம வெட்டுங்க. முழங்கால் ஒசரம் போதும். சீக்கிரம் முடியும்" என்றேன். அவர்கள் முதுகு வலிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன்.

வெட்டி முடிந்ததும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரிவே பளிச்சென்று ஆகிவிட்டது. இந்தக் கேட்டில் நின்றால் மேடு வரைக்கும் ஒரு மறைப்பில்லை. திங்கள்கிழமை காலையில் மேட்டில் அத்தை தலை தெரியும், சின்னப் புள்ளி மாதிரி. தெரிந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அவர்கள் இறங்கி வந்து சேரவும் டீ பொங்கவும் சரியாக இருக்கும். அத்தைக்கு அதில் ஒரே ஆனந்தம். "இப்பத்தான் கண்ணு எதுக்க யாரு வர்றாங்கன்னு தெரியுது. அன்னிக்கு அந்தப் பாறைக்கிட்ட பெரியவரு நின்னாரு" என்பார்கள். பெரியவர் என்றால் யானை. அவர்கள் ஊரில் பேர் சொல்ல மாட்டார்கள். "நான் மேட்டுலயே நின்னுட்டேன். அவரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். சரி, லேடீஸ் பஸ்ட்டுன்னு அவரே ஒதுங்கிட்டாரு." அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எங்கே பிடித்தார்களோ தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சித்திரையில் அவர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேராகச் சரிவுக்குப் போனார். ஓர் அடிக்கட்டை பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டு வாயை உள்ளங்கையால் தடவினார். காயத்தைத் தடவுகிற மாதிரி.

"யாரு வெட்டச் சொன்னது?"

"அவசரங்க. மண்டப ஆர்டரு."

அவர் ஒன்றும் வையவில்லை. அவரும் சத்தம் போடுகிறவர் இல்லை. எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அத்தையும் பிரஸ்ஸும்தான். எழுந்து நின்று சொன்னார்: "மழைக்கு முன்னால இதையெல்லாம் தூரோட தோண்டி எடுத்துரணும், மணி. மழை விழுந்துருச்சுன்னா நம்ம கையில இல்ல. எனக்கு ஆளுங்க வேணும். எல்லாரும் உன்னோட ஷெட்டுலதான் இருக்கறாங்க."

"இந்த லோடு போகட்டுங்க. அனுப்பிர்றேன்."

பொய் சொல்லவில்லை அண்ணா. அனுப்பத்தான் நினைத்தேன். அந்த லோடு போயிற்று. அதே மண்டபத்துக்காரர் சாப்பாட்டு ஹாலுக்கும் அதே பலகைதான் வேண்டும் என்றார். அது போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது, பெஞ்சுக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவை அவர் கேட்கும்போதும் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னேன். அனுப்ப மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் தனியாகக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். ஓர் அடிக்கட்டையைத் தூரோடு எடுக்க ஒரு காலைப் பொழுது போய்விடும். அத்தையும் கூடப் போய் மண்ணை அள்ளிக் கொட்டுவார்கள். நான் இங்கே பிரஸ் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அத்தை அங்கிருந்து கையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

மழை வந்தது.

அந்தத் துளிர் இருக்கிறதே, அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதலில் அடிக்கட்டையைச் சுற்றிப் பச்சைப் பரு மாதிரி வந்தது. அப்புறம் விரல். ஆடி முடியும்போது குச்சி. ஆவணியில் ஆள் உயரம். ஒரு கட்டையில் கொத்துக் கொத்தாக. ஒன்றுக்குப் பத்து என்று அவர் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. அவர் அதைச் சாபம் மாதிரிச் சொல்லியிருந்தார். எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன? நான் போய்த் துளிரைப் பிடித்துப் பார்ப்பேன். இன்னும் இரண்டு மழை போனால் இது மணிக்கட்டுப் பருமன் வரும், சீவல் நீளமாக வரும், ஊர் ஊராக மரம் தேடி அலைய வேண்டாம் என்று மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. நடாமல், தண்ணீர் விடாமல் வருகிற வெள்ளாமை. யாருக்குக் கசக்கும்?

ஆனால் ஒரு தொந்தரவு. அத்தை வருவது தெரியாமல் போயிற்று. மேடும் தெரியாது, பாதையும் தெரியாது. டீயைப் போட்டு வைத்தால் ஆறிப்போகும். போடாமல் இருந்தால் திடீரென்று வந்து நிற்பார்கள். சேலை முந்தானையெல்லாம் கிழிசலாக வருவார்கள்.

"கண்ணு, சரிவு மூடிக்கிச்சு" என்றார்கள் ஒரு நாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "கை நீட்டுனா கை தெரியல. மூச்சு சத்தம் கேக்குது, யாருதுன்னு தெரியல."

"ரோட்டு வழியா வாங்கத்தே. எதுக்கு இந்தப் பக்கமா வர்றீங்க?" என்றேன்.

சொன்னேனா இல்லையா? நீங்களே சாட்சி. ரோட்டு வழியாக வரச் சொன்னேன். மேலே ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஏறினால் மலையைச் சுற்றிக்கொண்டு வரும். ஒரு பை மாவு கொடுக்க ஒரு முழு நாள் போய்விடும்தான். அதனால் என்ன? பெரியவர்கள் சொன்னால் நாம் கேட்கிறோம், நாம் சொன்னால் அவர்கள் கேட்கக் கூடாதா?

அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாலு பேர மட்டும் குடு, மணி. சரிவு முழுக்க வேண்டாம். பாதை ஓரமாவது எடுத்துர்றேன். அம்மா வர்ற வழி."

"அடுத்த வாரம் கண்டிப்பாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் ஈரோட்டிலிருந்து லாரி வந்து நின்றுவிட்டது. லாரியை வெறுமனே நிறுத்த முடியுமா அண்ணா?

ஐப்பசி. திங்கள்கிழமை. பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்களாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். கீழே மூடின இடத்துக்குள் நுழைகிறவரைக்கும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் 'ம்' கொட்ட வேண்டாம். அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும்.

எனக்கு இங்கே ஒரு சத்தம் கேட்டது. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன்.

அத்தையும் பெரியவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். பார்த்திருந்தால் ஒதுங்கியிருப்பார்கள். எப்போதும் ஒதுங்குகிறவர்கள்தான், இரண்டு பேருமே. போய்ப் பார்த்தபோது அந்த மாவுப் பை மட்டும் ஒரு துளிர்க் கிளையில் மாட்டியபடி இருந்தது. கேட்டில் மாட்டுவது போலவே. ஒரு பிடி சிந்தவில்லை.

யானைக்கு யார் என்ன செய்ய முடியும்? நான் சொல்லியா அனுப்பினேன்? காட்டில் இருக்கிற ஊர். இது புதிதா? என்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாதண்ணன் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் சொல்லவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஷெட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. எல்லாரும் மேலே இருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக மேட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் அடிக்கட்டையாகத் தூரோடு எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். காற்று இப்படி வீசினால் கடப்பாரைச் சத்தம் கேட்கும். பாருங்கள், இத்தனை பேர் சேர்ந்தால் எவ்வளவு வேகமாக ஆகிறது. அன்றைக்கே இவர்களை அனுப்பியிருந்தால் எனக்கு ஒரே ஒரு லோடுதான் தள்ளிப் போயிருக்கும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஆமாம், பலகை. அதனால்தான் பலகை இல்லை. இந்த மலையிலிருந்து இனி ஒரு குச்சி கீழே இறங்காது என்று ஊர் முடிவு. போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாருக்கும் அந்தச் சிரிக்கிற அம்மாதான் வேண்டும். எத்தனை வீட்டில் அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு அத்தை சிரிக்கிறார்களோ. ஸ்டிக்கர் ஒரு கட்டு மீதம் இருக்கிறது. ஒட்டத்தான் ஒன்றும் இல்லை.

அவர் மேலேயே இருந்துவிட்டார். கோபமா என்று ஆள் விட்டுக் கேட்டேன். இல்லை என்றாராம். எப்போது வருவார் என்று கேட்டேன். அடிக்கட்டை முடியட்டும் என்றாராம். அதுதான் என் குறை அண்ணா. பெண்டாட்டி பெரிதா, அடிக்கட்டை பெரிதா? நான் கேட்பதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் டம்ளரையே பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

ஆனால் திங்கள்கிழமை வருவார். சாயங்காலத்துக்கு முன்னால், ஒரு துணிப்பையில் ராகி மாவோடு. உள்ளே வர மாட்டார். பையைக் கேட்டில் மாட்டுவார், போன வாரத்து வெறும் பையை எடுத்துக்கொள்வார், போய்விடுவார். ஒருத்திக்கு அவ்வளவு மாவு எதற்கு? களி கிண்டினால் மிஞ்சிப்போகிறது. ஆனாலும் கிண்டுகிறேன்.

இருங்கள். எழுந்திருக்காதீர்கள். அவர்தான்.

இளைத்துவிட்டார். கை இங்கிருந்து தெரியாது, காய்ப்புக் காய்த்திருக்கும். திங்கள்கிழமை நான் இரண்டு டம்ளர் டீ போடுவேன். நீங்கள் குடித்தது அவருக்கு என்று போட்டது. ஒன்றுமில்லை, குடியுங்கள், எப்படியும் அவர் குடிக்க மாட்டார்.

மாட்டிவிட்டார். வெறும் பையை மடிக்கிறார். அத்தை மடிக்கிற மாதிரியே நாலாக மடிக்கிறார்.

அண்ணா, ஓர் உதவி. அவர் இப்போது அந்தக் குறுக்குப் பாதையில்தான் ஏறுவார். கீழ்ப் பாதிக்கு இன்னும் அவர்கள் வந்து சேரவில்லை. ஓரத்தில் தோள் உயரம்தான், உள்ளே போகப் போக ஆளை முழுங்கிவிடும். பொழுதும் சாய்கிறது. உங்களிடம் வண்டி இருக்கிறது. ஏற்றிக்கொண்டு ரோட்டு வழியாகக் கொண்டுபோய் ஊரில் விட்டுவிடுங்கள். சுற்றுத்தான், டீசலுக்கு நான் தருகிறேன். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். நீங்களாகக் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.

கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டால் கேட் வரைக்கும்கூடப் போகாது. நஞ்சுண்டன் என்று பேர் சொல்லியே கூப்பிடுங்கள். இன்னும் சத்தமாக.

கேட்டுவிட்டது. நின்றுவிட்டார். பார்த்தீர்களா, திரும்புகிறார்.

உங்களைத்தான் பார்க்கிறார். அப்புறம்... இல்லை, உங்களைத்தான்.

வேண்டாம் என்று கை காட்டுகிறார்.

முதல் அடிக்கட்டையைத் தாண்டிவிட்டார். அண்ணா, இனி 'ம்' கொட்டாதீர்கள். நான் சொல்கிறவரைக்கும் கொட்டாதீர்கள். தலை இன்னும் தெரிகிறது. அந்த இடத்திலேயே நிற்கட்டும். தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.

நீங்கள் வாயே திறக்கவில்லை. இருந்தும் அவர் நடந்துகொண்டேதான் இருக்கிறார்.

இப்போது இலைதான் ஆடுகிறது.